‘எங்கேஜ்’ என்னும் வினைச்சொல் விசாரம்

மனிதன் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்வதைக் குறிக்கும் வினைச்சொற்கள் ஆங்கில பாஷையில் பல உண்டெனினும், அவற்றுள் ‘எங்கேஜ்’ என்பதைப்போல் கண்ட தொழிலெல்லாம் செய்து பிழைக்கும் சொல் வேறொன்றில்லை என்பது அடியேனுடைய சித்தாந்தம்.

முதற்கண் உற்பத்தி. பழைய பிரெஞ்சில் ‘காஜ்’ என்றால் ஈட்டுப் பொருள். ஆகவே அடகு வைத்தல் என்பதே இவ்வினையின் ஆதி அர்த்தம். வீட்டின்மேல் கடன் வாங்கும் ‘மார்ட்கேஜ்’ இதன் உடன்பிறப்பு. அதற்குச் ‘செத்த அடகு’ என்பது பதப்பொருள். கூலியாகிய ‘வேஜ்’, விவாகம் செய்தலாகிய ‘வெட்’ ஆகியனவும் ‘காஜ்’ முளைத்த அதே ஜெர்மானிய வேரில் கிளைத்த தாயாதிகளே. கல்யாணமும் கடனும் கூலியும் ஒரே குடும்பம் என்று சம்சாரிகள் அனுபவத்தால் அறிந்திருந்ததை மொழிநூலார் பிற்பாடுதான் கண்டுபிடித்தார்கள்.

இனிப் பிரயோகம். இச்சொல்லின் பொருள் வேற்றுமையையே நம்பி நிற்கிறது. (ஆங்கிலேயர் உருபை ஒட்டாமல் முன்னே தனியாக நிறுத்துவர், அது நமக்குப் பொருட்டன்று.) நான்காம் வேற்றுமை ஏற்று ‘இன்னாளுக்கு’ என வரின் கல்யாண நிச்சயம், ஏழாவது ஏற்று ‘இன்ன வேலையில்’ என வரின் வெறும் உத்தியோகம், இரண்டாவது ஏற்று ‘இன்னாரை’ என வரின் வேலைக்கு அமர்த்தல், அல்லது யுத்தம். 1805ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் நெல்சன் பிரபு 16ஆம் எண் கொடிச் சைகையை ஏற்றிப் பகைவரை இன்னும் நெருங்கிப் பொருதுமாறு ஆணையிட்டபோது கையாண்ட வினையும் இதுவே. மாலுமிகள் அதை மணவினை என்று மயங்காமற்போனது வேற்றுமையின் மகிமை.

எதையும் ஏற்காமல் தனித்து வருமிடம் இரண்டு: டெலிபோன், தாழிட்ட பொதுக் கழிப்பறைக் கதவு. ‘போன் எங்கேஜ்டா இருக்கு’ என்றும் ‘பொண்ணுக்கு எங்கேஜ்மென்ட் ஆயிடுச்சு’ என்றும் நம்மவர் ஒரே வாயால் சொல்வதில் ஆழ்ந்த இலக்கண ஞானம் இருக்கிறது. இரண்டிலும் கருத்து, வேறொருவர் முந்திக்கொண்டார் என்பதே.

எஞ்சிய சந்தேகம் ஒன்று: அடகென்றால் மீட்பும் உண்டன்றோ, நிச்சயம் முறிந்தால் மோதிரத்தை மீட்கலாமா? இங்கே அடகுக்கடைச் சம்பிரதாயம் செல்லாது. 1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, கல்யாண வாக்குத் தவறியவர்மேல் வழக்காடும் உரிமையை ஒழித்ததோடு, திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததாக நிரூபித்தாலன்றி மோதிரம் முழு நன்கொடையே என்றும் கொள்கிறது. ஆதலின் இங்கிலாந்தில் மோதிரம் அணிவிக்க உத்தேசிக்கும் வாசகர்கள், கையோடு ஓர் அடகுச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.