கேமரா சார் காசிக்குப் போகிறார்

எங்கள் தெருவில் அவருக்குக் கேமரா சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் கூரியர்காரருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர், பிள்ளை வெளிநாட்டில். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பையன் சாக்லேட்டோடு ஒரு கருவியும் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போவான். வாசலில் ஒரு கேமரா, மாடிப்படியில் ஒன்று, பின்பக்கம் துணிக்கொடியைப் பார்த்தபடி ஒன்று. வந்தவர் முகத்தைப் போனில் காட்டும் காலிங்பெல். போனிலிருந்தே போட்டு அணைக்கும் விளக்குகள்.

ஊரில் இருக்கும்போது இவருக்கு வீட்டைப் பற்றிய நினைப்பே கிடையாது. குழாய் சொட்டினால் சொட்டட்டும். கீல் கழன்ற கேட் ஆடுகிற வரை ஆடட்டும். ஊருக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வீட்டின் மேல் பாசம் பீறிட்டு வரும்.

போன மாதம் காசி யாத்திரை. அந்தக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். பட்டப்பகலிலும் எரிகிற அந்த விளக்கை வைத்தே வீட்டில் ஆள் இல்லை என்று திருடன் கண்டுகொள்வான். கேமரா சார் அவ்வளவு ஏமாளி இல்லை. மாலை 6.30க்கு ஹால் விளக்கு, 9 மணிக்குப் படுக்கையறை விளக்கு, 10.30க்கு எல்லாம் அணையும் என்று நேரம் குறித்து வைத்திருந்தார். அவர்கள் குடியிருந்தபோதுகூட அந்த வீட்டில் இவ்வளவு ஒழுங்காக விளக்கு எரிந்ததில்லை.

ரயில் கூடூர் தாண்டுவதற்குள் எனக்குப் போன். "சார், எல்லாமே ஆஃப்லைன்னு காட்டுது!"

விசாரித்தால், அவர் மனைவி கிளம்பும்போது கேஸை மூடிவிட்டு, மெயினையும் அணைத்திருக்கிறார். மாமியார் கற்றுக்கொடுத்த பழக்கம். சாவி எதிர்வீட்டுக்காரனான என்னிடம். போய் மெயினைப் போட்டுவிட்டுத் திரும்பினால், சுவரிலிருந்து குரல் வந்தது: "தேங்க்ஸ் சார். செருப்பை மட்டும் வெளியில விட்டிருக்கலாம்."

ராத்திரியில் இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி நூல் கட்டிவிட்டால் போதும். அந்த வெளிச்சத்தில் அது தாம்புக்கயிறாக மின்னும், காற்றில் ஆடும், "அசைவு தெரிகிறது" என்று காசியில் போன் அலறும். பல்லி வந்தாலோ முதலை. நள்ளிரவில் டார்ச்சும் தென்னந்துடைப்பமுமாக நான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பகலில் வேறு கூத்து. பூட்டிய வீட்டின் வாசலில் பூக்காரம்மா கூடையை இறக்கி மூச்சு வாங்கியிருக்கிறார். "யாரும்மா அது?" என்று வீடு கேட்டது. அந்த அம்மா அலறிக்கொண்டு ஓடி, சாயங்காலம் வந்து வாசற்படியில் நான்கு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வைத்துவிட்டுப் போனார். உடனே எனக்குப் போன்: "சார், யாரோ செய்வினை வச்சுட்டாங்க!"

நடுவில் ஒருநாள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இல்லை. கரண்ட் போனால் வைஃபை பெட்டி போகும். அது போனால் கேமராவுக்குக் கண் இருந்தும் வாய் இருக்காது. இன்வெர்ட்டர் வாங்கவில்லையா என்று கேட்டேன். அது தண்டச்செலவாம். "சாயங்காலம் வரைக்கும் நீங்க கொஞ்சம் வாசல்ல சேர் போட்டு உக்காருங்களேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பொழுது போகாமல், 2016இல் நடந்த மிராய் கதையைச் சொன்னேன். கம்பெனி வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களைத் தேடிப் பிடித்து, அவற்றைப் படையாகத் திரட்டி, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கிய நச்சுநிரல் அது. கேட்டுப் பதறியவர், கரண்ட் வந்ததும் கடினமான கடவுச்சொல்லாக மாற்றினார். மறுநாள் காலையில் அதை மறந்தும் போனார். கேமரா இல்லாத அந்த ஓரிரவை அவர் கழித்த விதத்தை அவர் மனைவிதான் சொல்ல வேண்டும்.

அந்த அக்கா வேறொன்றும் சொன்னார். தசாஸ்வமேதப் படித்துறையில் கங்கை ஆரத்தி. கூடியிருந்த கூட்டமெல்லாம் போனை உயர்த்தி ஆரத்தியைப் படம் பிடிக்க, இவர் மட்டும் தலையைக் குனிந்து எங்கள் தெருக் குப்பைவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். காசிக்குப் போனால் பிடித்தது எதையாவது விட்டுவிட்டு வர வேண்டுமே! "அந்தப் போனை விடுங்க" என்று அக்கா கெஞ்சியிருக்கிறார். சார் யோசித்து, கொத்தவரங்காயை விட்டுவிட்டார்.

ஊர் திரும்பியதும் கங்கைச் சொம்பும் காசிக் கயிறுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சாவியைக் கொடுத்தேன். "அடுத்த வாரம் நாங்க ஊருக்குப் போறோம் சார். எங்க சாவி உங்ககிட்ட இருக்கட்டும்" என்றேன்.

"சாவி எதுக்கு? உங்க வாசலும் என் கேமராவுலதான் விழுது. நிம்மதியா போயிட்டு வாங்க" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஆமா, வியாழக்கிழமை உங்க மச்சினர் வந்த வேகத்துலயே திரும்பிப் போனாரே, வீட்ல ஏதாவது மனஸ்தாபமா?"