கவாத்து வாத்தியார் பதில்கள்

கே: முடிவு தெரிந்த நாவலை எதற்கு மறுபடி படிக்க வேண்டும்? (மாம்பலம்)

ப: கத்தரிச் செடியில் கத்தரிக்காய்தான் காய்க்கும் என்று தெரிந்தும் தினம் காலையில் காபியோடு போய் ஏன் பார்க்கிறீர்கள்?

கே: ஆடிப்பட்டத்தில் விதைக்க மறந்துவிட்டேன். (செய்யாறு)

ப: ‘பொன்னியின் செல்வன்’ வந்தியத்தேவன் மறக்கவில்லை. சரியாக ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்துவிட்டான். கல்கி 1950-ல் போட்ட அந்த விதை, 1954 வரை வாராவாரம் அறுவடை. உங்களுக்குத் தைப்பட்டம் இருக்கிறது, போங்கள்.

கே: குரோட்டன்ஸ் பற்றி உங்கள் கருத்து? (கோவை)

ப: அது செடி இல்லை, திரைச்சீலை.

கே: பொன்னியின் செல்வனில் உங்கள் ஹீரோ யார்? அருள்மொழியா, வந்தியத்தேவனா? (கும்பகோணம்)

ப: இரண்டு பேரும் இல்லை. சேந்தன் அமுதன். சிரிக்காதீர்கள். ஐந்து பாகமும் மற்றவர்கள் குதிரை ஏறுகிறார்கள், படகு ஏறுகிறார்கள், சுரங்கத்தில் இறங்குகிறார்கள், தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறார்கள். இவர் ஒருத்தர்தான் தஞ்சாவூர் நந்தவனத்தில் பூப்பறித்துக் கோயிலுக்குக் கொடுத்துக்கொண்டு, உருப்படியாக ஒரு வேலை பார்க்கிறார். பதினேழு வயதில் முதல் தடவை படித்தபோது இவர் வருகிற பக்கங்களைத் தாண்டித் தாண்டி ஓடினேன். நந்தினி எங்கே என்பதுதான் அப்போது என் கவலை. மாடியில் மல்லிகை வைத்த பிறகு படித்தால், அடடா, கதையே நம்மாளுடையது! சோழ சிம்மாசனம் யாருக்குப் போகிறது? பூங்குழலி யாரைக் கட்டிக்கொள்கிறாள்? எல்லாம் இந்தப் பூக்காரருக்குத்தான். கதையைச் சொல்லிவிட்டேன் என்று கடிதம் போடுகிறவர்கள், எழுபது வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் சேர்த்து எழுதவும். எனக்கு இப்போது ஒரே ஒரு விசாரம்: அவர் உத்தம சோழராகி அரண்மனைக்குப் போனபின் அந்த நந்தவனத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

கே: மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் வளருமாமே? (மதுரை)

ப: என்னிடம் இரவல் போன ‘தில்லானா மோகனாம்பாள்’ அடுத்த தெரு அலமாரியில் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. விகடனிலிருந்து வாராவாரம் கிழித்து, கோபுலு படங்களோடு என் மாமா பைண்டு பண்ணிய வால்யூம் அது. “புதுப் பதிப்பு கிடைக்கிறதே சார்” என்கிறார் எடுத்துப்போன மனிதர். கிடைக்கிறது. அதில் பின்பக்கத்து ஜோக்கின் பாதியும், தைல விளம்பரமும், மாமாவின் வெற்றிலைக் கறையும் கிடைக்குமா?

கே: சுரைக்கொடி பூத்துத் தள்ளுகிறது. ஒரு காய்கூட இல்லை. (தாம்பரம்)

ப: முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பெண் பூவுக்கு அடியிலேயே குட்டியாகப் பிஞ்சு இருக்கும், பார்த்தாலே தெரியும். சுரை சாயங்காலம்தான் விரியும். மூன்றாவது மாடிக்கு அந்துப்பூச்சி வரவில்லையென்றால் நீங்களே ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவி விடுங்கள். ‘மோகமுள்’ பாபு மாதிரி வருஷக்கணக்கில் ஏங்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கே: பழைய நாவல்களை ராமபாணப் பூச்சி அரிக்கிறது. வழி? (காரைக்குடி)

ப: பூச்சிக்கு இலக்கிய ருசி கிடையாது, பைண்டிங்கில் இருக்கும் மைதாப் பசைதான் அதற்கு டிபன். அதனால்தான் பழைய பைண்டர்கள் பசையில் துளி மயில்துத்தம் கலப்பார்கள். அதே துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்றால் செடிக்கு அடிக்கிற போர்டோ கலவை. (அலமாரிக்கும் அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். போன மாதம் ஒருவர் கேட்டேவிட்டார்.) வசம்புத் துண்டு போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். ஆள் நடமாட்டம் பூச்சிக்கு ஆகாது.

கே: கணவர் தவறி வருஷம் ஆகப்போகிறது. அவர் வைத்த குண்டுமல்லியைக் கவாத்து பண்ணக் கை வரவில்லை. அவர் பாதியில் பக்கம் மடித்து வைத்த நாவலும் அப்படியே இருக்கிறது. (பெயர் வேண்டாம், திருச்சி)

ப: அம்மா, செடியை வெட்டுங்கள். மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும். இந்த மார்கழிக்குள் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனியில் அரும்பு கட்டிவிடும். விட்டால் கிளை கிளையாக ஓடி, எல்லாம் இலையாகப் போகும். அவர் இருந்திருந்தால் இதற்குள் வெட்டியிருப்பார். முதல் கிளைக்குக் கை நடுங்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு அவசரமில்லை. மடிப்பை நிமிர்த்த வேண்டாம். எடுக்கத் தோன்றுகிற அன்றைக்கு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அவர் நிறுத்தின இடத்துக்கு நீங்களும் வந்து சேருவீர்கள். அன்றைக்கு அதோடு மூடி வைத்துவிடுங்கள். மிச்சம் எங்கேயும் போய்விடாது.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் தோட்டம் எவ்வளவு பெரிசு? (நெய்வேலி)

ப: ஒன்பது தொட்டி. எட்டு என்னுடையவை, சுமார். ஒன்பதாவது என் மனைவி வைத்த குரோட்டன்ஸ். பிரமாதமாக வளர்ந்திருக்கிறது.