குப்பைக்கு வந்த வாழ்வு

அப்பாயி காலத்தில் குப்பைக்குழிக்கு மரியாதை கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லைக் கோடியில் ஒரு பள்ளம் இருக்கும். தொழுவத்துச் சாணி, மாடு தின்று கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய குப்பை எல்லாம் அதற்குள்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாதிருக்கக் கொல்லைக் கதவைச் சாத்திவிடுவார்கள். சித்திரையில் வண்டி கட்டி அள்ளினால், கறுத்துப் பொலபொலவென்று உதிரும் எரு.

பிறகு யூரியா மூட்டை வந்தது. அப்பா நவீனமானவர், குழியைத் தூர்த்துவிட்டு அங்கேயே செப்டிக் டேங்க் கட்டினார். ஊரே மெச்சியது.

இன்று எனக்குச் சென்னையில் மாடித்தோட்டம். குப்பைக்குழி இப்போது மூன்றடுக்கு மண்பானையாகி, வருகிற விருந்தாளிக்கெல்லாம் முதலில் காட்டப்படுகிறது. சாணி வறட்டியாகி, பிளாஸ்டிக் உறை போர்த்திக் கூரியரில் வருகிறது. நாலு மாடு கட்டியிருந்த வீட்டுப் பேரன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உரம் செய்ய ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் உண்டு. 30 பங்கு கரிமச்சத்துக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்க வேண்டுமாம். (குப்பையை எடை போட்டால் வராது, உள்ளிருக்கும் சத்தின் கணக்கு.) அப்பாயி கணக்கு வேறு: நாறினால் கூளம் போடு, காய்ந்தால் சாணித் தண்ணி தெளி. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் உழவர்கள் செய்வதையும் கவனித்து, மட்க வைப்பதை ஒழுங்குபடுத்தி 'இந்தூர் முறை' ஆக்கினார். அது சீமைக்குப் போய், பட்டம் வாங்கி, இப்போது ஸ்லைடில் திரும்பியிருக்கிறது.

பெரிய குவியல் என்றால் உள்ளே 60 டிகிரி வரை சூடேறி விதையெல்லாம் வெந்துபோகும். பானைக்கு அந்த வீரியம் இல்லை. மூடியைத் திறந்தால் வெள்ளைப் பூஞ்சை படிந்த வாழைப்பழத் தோல், அசையாத வெங்காயச் சருகு; அடியில் மட்டும் மழை மண் வாசத்தோடு கொஞ்சம் உரம். அதை மல்லிகைக்குப் போட்டால் தக்காளி முளைக்கிறது. பிடுங்க மனம் வருவதில்லை.

வீட்டில் தட்டுப்பாடு காய்ந்த சருகுக்குத்தான். தெரு கூட்டும் அம்மாவிடம் ஒரு மூட்டை கேட்டேன். முதலில் சிரித்தார், மறுவாரம் இருபது ரூபாய் என்றார். இந்த வாரம் போனபோது மூட்டை இல்லை. எதிர் பிளாக் சார் முப்பது கொடுத்துவிட்டாராம்.