தராசு அண்ணாச்சி

தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே பத்தமடை டீக்கடைகளில் தென்படும் ஆசாமி தராசு அண்ணாச்சி. வயது ஐம்பதுக்கு மேல். தோளில் துண்டு, கையில் பேப்பர். கட்சிக்கரை வேட்டி மட்டும் கிடையாது. ஒரு தட்டில் எழுச்சி, மறு தட்டில் அனுபவம் என்று வைத்து வேட்பாளரை நிறுப்பது அவர் தொழில்.

எழுச்சித் தட்டு தாழ்ந்தால் 1967 விருதுநகர் வெளியே வரும். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்த காமராஜரை, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கிளம்பிவந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டில் வீழ்த்தினார். "புதுசுன்னா இப்படில்லா இருக்கணும்!" டீ ஆறுவதற்குள் தட்டு மாறிவிடும். "ரெண்டே வருசத்துல அதே காமராசரை நாகர்கோவில்ல ஜெயிக்க வச்சாங்களேவே?"

பக்கத்து ஊர்ச் சான்றும் கைவசம் உண்டு. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி பிளந்து நின்ற 1989 தேர்தலில் அவர் மனைவி ஜானகியின் அணி சரிந்தது. அம்மையார் ஆண்டிபட்டியில் தோற்றார். கூட்டணி சேர்ந்த சிவாஜி கணேசன் திருவையாற்றில் தோற்றார். 1977 முதல் சேரன்மகாதேவியைக் கைவிடாத பி.எச். பாண்டியன் அந்த அணியிலேயே நின்று ஜெயித்தார். அனுபவம்தான் பெரிது என்று அண்ணாச்சி முடிக்கப்போகையில், 1977இல் முதலமைச்சராகும்வரை எம்.ஜி.ஆர். அமைச்சராகக்கூட இருந்ததில்லையே என்று யாராவது சொல்லித் தொலைப்பார்கள். இன்னொரு டீ வரும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை அவர் பட்டுப்பாய் வாங்குவதுபோல் பார்ப்பார். சாயத்தில் மயங்காமல், கோரையை எவ்வளவு நைசாகக் கிழித்திருக்கிறார்கள் என்று ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிற கண் அது. தமிழ்நாட்டையே மாற்றப்போவதாக இளைஞர் ஒருவர் முழங்கி முடித்ததும், "நல்லாப் பேசுதீய தம்பி. கன்னடியன் கால்வாய்ல காருக்குத் தண்ணி தொறக்கலேன்னா யாருகிட்ட மனு குடுக்கணும்?" என்பார். தம்பி பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். பழைய ஆளோ அதிகாரி, அலுவலகம், மனுவின் வாசகம் எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். "சரியாத்தான் சொல்லுதாரு. இருவது வருசமா இதையேதான் சொல்லுதாரு" என்று அந்தத் தட்டும் இறங்கும்.

கேள்வி நியாயமானதுதான். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவமும் கால்வாயை நம்பி இருக்கும் ஊரில் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆனால் அண்ணாச்சிக்கு வேண்டியவர், எந்தப் பதவியிலும் கறைபடாமல் எல்லாப் பதவியும் பார்த்து முடித்தவர். எந்தக் கட்சியும் அப்படி ஒருவரை நிறுத்துவதில்லை. ஆகவே ஓட்டுப்போடும் நாள் காலையிலும் நிறுவை முடிந்திருக்காது. வரிசையில் முன்னால் நிற்பவரிடம், "நீரு யாருக்குவே?" என்று மெல்லக் கேட்பார்.

பேரூராட்சித் தேர்தலில் மட்டும் தராசு பரணுக்குப் போய்விடும். வார்டில் நிற்பது மைத்துனர். "அவனுக்கு என்ன அனுபவம் அண்ணாச்சி?" என்று கேட்டவருக்குப் பதில் உடனே கிடைத்தது: "எங்க வீட்டுல இருவது வருசமாச் சாப்பிடுதான்லா!"