ஒரு விரல் கேப்

கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் பந்தி எங்கே என்று தேடுவார்கள். பாடி கிட் பைத்தியம் பிடித்த நம்ம ஆள் வாசலில் நிற்கும் கார்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்பதுதான் கவலை. "கேப் ஜாஸ்தி மச்சான், பம்பர் வெளியில மாத்தினது" என்று சத்தமாகத் தீர்ப்புச் சொல்லி நிமிரும்போது, காரின் சொந்தக்காரரான பெண்ணின் தாய்மாமன் பக்கத்திலேயே நிற்பார்.

நம்ம ஆளிடம் இருப்பது ஐந்து வருடத்து ஸ்விஃப்ட். அப்படிச் சொன்னால் முகம் சுண்டிவிடும். "புராஜெக்ட் கார்" என்று சொல்ல வேண்டும். புராஜெக்ட் எப்போது முடியும் என்று கேட்கக் கூடாது. தவணை கட்டும் அப்பாகூடக் கேட்பதில்லை.

சென்னை ஜி.பி. ரோட்டில் லிப் வைத்த முன் பம்பர், இரண்டு சைடு ஸ்கர்ட், டிஃப்யூசர், ஸ்பாய்லர் என்று பாடி கிட்டை மொத்தமாக வாங்குவார். "போல்ட் போட்டா அப்படியே உட்கார்ந்துடும் தம்பி" என்பார் கடைக்காரர். கார் உலகில் இதைவிடப் பெரிய பொய், "ஒரே டாக்டர் ஓட்டின வண்டி" என்பது ஒன்றுதான். ஃபைபர் கிட் என்பது அச்சில் கண்ணாடி இழையை விரித்து ரெசின் தடவிக் கையால் செய்த சரக்கு. சரியாக இறுகுமுன் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தால், சாய்ந்தபடியே வளைந்து கிடக்கும்.

அதைக் காரோடு சேர்த்துவைக்கும் பொறுப்பு பெயிண்டர் அண்ணன் தலையில்.

"அண்ணே, லெஃப்ட்ல ஒரு விரல் கேப் இருக்கு."

"உன் விரலா, என் விரலா?"

பெயிண்ட் அடிக்குமுன் மாட்டிப் பார்த்து, கழற்றி, கிரைண்டரால் ஓரம் சீவி, மறுபடி மாட்டுவார். வெள்ளைத்தூள் பறக்கும். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்த நம்ம ஆள் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார். அத்தனையும் கண்ணாடித் தூள். பிறகு, அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய மெழுகைக் கழுவி எடுக்க வேண்டும். விட்டால் பெயிண்ட் அப்பளமாக எழும்பும். அப்புறம் பட்டி, 400 நம்பர் வாட்டர் பேப்பர், பிரைமர், 800 நம்பர். தேய்த்து முடித்த அண்ணன் கண்ணை மூடி உள்ளங்கையால் ஒரு முறை தடவுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். இந்த ஒரு காட்சிக்காகவே பாடி கிட் ஆசாமிகள் அத்தனை பேரையும் நான் மன்னிக்கத் தயார்.

கிளியர் கோட் அடித்த கையோடு ஒரு கொசு வந்து உட்காரும். நம்ம ஆள் பதறுவார். "காயட்டும். இப்ப எடுத்தா கொசு மட்டும் வராது" என்பார் அண்ணன். மறுநாள் 2000 நம்பர் பேப்பரும் பாலிஷும் அதன் கதையை முடிக்கும். கலர் கோடு அதேதான், ஆனாலும் ஐந்து வருட வெயிலில் வெளுத்த பாடியும் புது ஸ்கர்ட்டும் வேறு வேறு கார் போலத் தெரியும். "ரெண்டு மழை அடிச்சா சேர்ந்துக்கும்" என்பது அண்ணனின் இறுதித் தீர்ப்பு. உச்ச நீதிமன்றமும் 2019இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: நிறுவனம் தந்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று. நம்ம ஆளிடம் சொன்னால், "அதெல்லாம் லாரிக்கு ப்ரோ."

அவர் நிஜமாகப் பயப்படுவது, தாழ்ந்து தொங்கும் லிப்பை உரசிவிடும் வேகத்தடைக்கு. விதிப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்காரர்கள் விதியைக் கேட்டா கட்டுகிறார்கள்? காரைக் குறுக்கே திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவார். பின்னால் ஷேர் ஆட்டோ ஹார்ன் அடிக்கும். பாரம் குறைய அம்மா இறங்கி, காய்கறிப் பையோடு நடந்து, அடுத்த வேகத்தடையில் காத்திருப்பார். இறங்கினதற்கு ஏறுவானேன் என்று சில நாள் வீட்டுக்கே நடந்துவிடுவதும் உண்டு.

கடைசியில் வேறு கார் மீது ஆசை வரும். விற்க வேண்டும். புரோக்கர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து கிட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் காசு கிடையாது தம்பி. ஒரிஜினல் பம்பர் இருக்கா?" என்பார்.

பதில் அம்மாவிடமிருந்து வரும்: "மொட்டை மாடியில இருக்கு. ஆனா இப்ப தர முடியாது. அதுலதான் கொத்தமல்லித் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்."