கொலோனில் காவேரி, காவேரியில் கொலோன்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் ஜீயபுரம் வந்து, "ஜெர்மனி போய்ட்டு வந்த மாமா ஆம் எது?" என்று விசாரித்தால், கேள்வி முடியுமுன் கை நீளும். ஜீயபுரத்தில்தான் என்றில்லை, ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளிலும் வீதிக்கு ஒருவர் உண்டு. பெல் ஆலையிலோ பொன்மலை ரயில்வே பட்டறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை கொலோன் நகரத்தில். அக்டோபரில் போனால் மரமெல்லாம் மஞ்சளாக இருக்கும் என்று சொல்லித்தான் பிள்ளை டிக்கெட் எடுத்தான்.

மஞ்சளாகத்தான் இருந்தது. ரைன் நதிக்கரையில் இலைகள் கொட்டிக் கிடந்தன. மாட்டுப்பெண் படமெடுத்துத் தள்ளினாள். மாமா குரங்குக் குல்லாவைச் சற்றே தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இத்தனை சருகு! ஒரு வருஷத்துக்கு வெந்நீர் அடுப்புக்கு ஆகுமே" என்றார்.

கொலோன் அவருக்குப் புதிய ஊர் அல்ல. சின்ன வயதில் ஜுரம் வந்தபோதெல்லாம் நெற்றியில் பட்டிருக்கிறது. பாட்டி கைக்குட்டையை நனைத்துப் போடும் யூடிகோலனுக்குப் பெயர் கொடுத்தது இந்த ஊர்தான். 1709-இல் கடை தொடங்கிய பரீனா குடும்பம் இன்னும் இங்கே வாசனை விற்கிறது. மாமா ஒரு சீசா வாங்கிக்கொண்டார். அந்த ஊரில் அவர் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான்.

அப்புறம் பேராலயம். 1248-இல் அஸ்திவாரம், முடிந்தது 1880. நடுவில் சுமார் 300 வருஷம் வேலை நின்று, அரைகுறைக் கோபுரத்தின் மேல் பாரம் தூக்கும் மரச்சாதனம் ஒன்று அப்படியே நின்றிருந்தது. ஊருக்கே அதுதான் அடையாளம். இதைக் கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம மொட்டைக் கோபுரம் மாதிரின்னு சொல்லு!" ஸ்ரீரங்கத்து ராயகோபுரமும் நாயக்கர் காலம், வெள்ளைக்காரன் காலம் எல்லாம் மொட்டையாகவே நின்று, அகோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயரின் முயற்சியால் 1987 மார்ச் 25-இல்தானே 236 அடி ராஜகோபுரமாக நிமிர்ந்தது!

"இது 515 அடிப்பா" என்றான் பிள்ளை.

மாமா கொஞ்சம் யோசித்தார். கல்லெல்லாம் புகை பிடித்துக் கறுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். "உயரம் கிடக்கட்டும். 1880-க்கு அப்புறம் சம்ப்ரோக்ஷணமே பண்ணலையா? நம்ம கோபுரத்துக்கு 2015-லகூட வர்ணம் அடிச்சாளே!"

கோபுரத்துக்கு 533 படி. பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் பேரனும் ஏறினார்கள். மாமா கீழே கோட்டுகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ரயில் பாலம். காதலர்கள் கம்பியெல்லாம் பூட்டு மாட்டிச் சாவியை ஆற்றில் எறிந்திருந்தார்கள். நாலைந்தை இழுத்துப் பார்த்து, "ஒண்ணுகூட திண்டுக்கல் பூட்டு இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

மத்தியானம் ஆற்றங்கரைப் பெஞ்சில் தயிர்சாதமும் மாவடுவும். மாவடுவைக் கடித்ததும் ஜீயபுரம் கதை வந்துவிட்டது: காவேரிக்குப் போன பேரன் ரங்கனுக்காகப் பாட்டி காத்திருந்ததும், பெருமாளே ரங்கனாக வந்து பழையதும் மாவடுவும் சாப்பிட்டதும், அதற்காகவே நம்பெருமாள் பங்குனியில் ஜீயபுரம் எழுந்தருள்வதும். "ஐப்பசி பொறந்துடுத்து. இந்நேரம் அம்மா மண்டபத்துலேர்ந்து தங்கக் குடத்துல காவேரித் தீர்த்தம் யானை மேல போயிண்டிருக்கும். மத்த பதினோரு மாசமும் கொள்ளிடம்தான்" என்றார். எதிரே ரைனில் ஒரு கப்பல் போனது. அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் சென்னையிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். மாமாதான் ஊர் காட்டினார். முக்கொம்பில் அவர் சொல்லியிருக்க வேண்டியது நிறைய உண்டு: ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிய மேலணை, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனது. "ஆறுன்னா ரைன்! கப்பல் போறது, கப்பல்!" என்றார். காவேரியைப் பார்க்கவேயில்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில், "அங்க 533 படியாக்கும்" என்று உச்சிப் பிள்ளையாரைக் குறைத்துவிட்டு, விருந்தாளிகளை மேலே அனுப்பினார். மாணிக்க விநாயகர் சந்நிதியருகே செருப்புகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசிக் காவேரி ஸ்நானத்தின் முதல் முழுக்குக்குத் திருப்பராய்த்துறை போகாமல் விடுவாரா? மழைத் தூறலில் மூன்று முழுக்குப் போட்டதில் ராத்திரியே ஜலதோஷமும் ஜுரமும் வந்தன. மாமி சீசாவைத் திறந்து கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டாள். வாசனை ஏறியதும் மாமா கண்ணை மூடிக்கொண்டே முனகினார்: "கொலோன்ல அத்தனை குளிர்லயும் எனக்கு ஒரு தும்மல் வந்ததுண்டா?"

"எப்படி வரும்?" என்றாள் மாமி. "அங்க நீங்க காவேரி ஸ்நானத்தை வாயாலன்னா பண்ணிண்டிருந்தேள்!"