குந்த ஒரு இடம்

இன்னா கண்ணு, கழுத்துல அட்டை, மூஞ்சில கவலை. சிறுசேரியிலேர்ந்து கோவளத்துக்கு ஓடியாந்து மணல்ல குந்திக்கினு, "இங்கதான் மூச்சு விட முடியுது தாத்தா"ங்கிறே. ஏன், உங்க ஆபீசு ரோட்டுல காத்து இல்லியா? கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால புல்லு போட்டு, பவுண்டன் வெச்சு, பிளாசான்னு பேரும் எழுதி வெச்சிருக்கானே! நானும் ஒரு கட்டடத்துக்குப் போனேன். கால் கடுத்திச்சு, பவுண்டன் திட்டுல குந்தினேன். விசிலு. புல்லுக்குப் போனேன். அதுக்கும் விசிலு. குந்தவும் கூடாது, மிதிக்கவும் கூடாதுன்னா அது யாருக்குடா ராசா? மேலேர்ந்து போட்டோ எடுக்கவா?

கேட்டுக்கு வெளியில பாரு. ஒரு புங்கமரம், கீழ டீ வண்டி. பைக்கு சீட்டு மேல டீ கிளாசு. கால்வாய் மூடிதான் பெஞ்சு. மேனேஜரும் அங்கதான் நிக்கிறாரு, சாப்பாடு கொண்டாற பையனும் அங்கதான் நிக்கிறான். விசிலு ஊதின அதே ஆளு, டூட்டி முடிஞ்சா, அவனும் அங்கதான். அந்த இடத்துக்கு எந்த ஆர்க்கிடெக்ட்டு பிளான் போட்டாரு?

அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். நியூயார்க்குல 1961-ல ஒரு சட்டம் போட்டாங்க. கீழ ஜனத்துக்கு இடம் விட்டா, மேல கூடுதலா கட்டிக்கலாம். விடுவானா பில்டரு? இடத்தை விட்டான், மாடியை ஏத்தினான். விட்ட இடத்துல பெஞ்சு இல்ல, நெழலு இல்ல. சில பேரு திட்டுல முள்ளு கூட வெச்சாங்க, எவனும் குந்தக் கூடாதுன்னு! அப்பால வில்லியம் வைட்டுன்னு ஒருத்தரு கேமராவை மாட்டி, வருசக்கணக்கா ஜனத்தைப் பார்த்தாரு. இன்னா கண்டுபிடிச்சாரு தெரியுமா? குந்த இடம் இருந்தா ஜனம் குந்துமாம்! சிரிக்காதே. அதுக்கப்புறம்தான் 1975-ல சட்டத்தைத் திருத்தி, முப்பது சதுர அடிக்கு ஒரு அடி நீளம் உட்கார இடம்னு எழுதினாங்க. எங்க ஊர் ஆயாவைக் கேட்டிருந்தா ஒரு வெத்தலைக்குச் சொல்லியிருக்கும்.

நம்ம ஊர்லயும் சட்டம் கீது. 2019 கட்டட விதியில ஓ.எஸ்.ஆர்.னு ஒண்ணு, திறந்தவெளிக்கு எடம் ஒதுக்கறது. மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினா, பத்துல ஒரு பங்கைத் தானமா எழுதி உள்ளாட்சிக்குக் குடுக்கணும். காசு கட்டித் தப்பிக்க முடியாது. இதுக்கு முன்னால இருந்த ஓ.எஸ்.ஆர். விதியே செல்லாதுன்னு சில பேரு கோர்ட்டுக்குப் போனாங்க. செல்லும்னு 2023-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. நல்ல சட்டம்தான். ஆனா அப்படித் தானமாக் குடுத்த நிலம் ஒண்ணை நான் போய்ப் பார்த்தேன், அதுல முள்ளுச்செடியும் ஒடஞ்ச டைல்சும்தான் குடியிருந்துச்சு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவுமா?

எங்க ஊர்க் கடற்கரைக்கு 2021-ல நீலக்கொடி வந்துச்சு, டென்மார்க்குல ஆபீசு வெச்சிருக்கறவங்க சுத்தமான கடற்கரைக்குக் குடுக்கற பட்டம். கக்கூசு, குடை, நடைபாதை எல்லாம் சுத்தமாத்தான் கீது, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எங்க குப்பத்து மணலையும் பாரு. விடிகாலையில மீன் ஏலம். வெயில் ஏறினா ஒரு பக்கம் கருவாடு காயும், இன்னொரு பக்கம் படகு நெழல்ல வலை பின்னுவோம். சாயங்காலம் பசங்க ஸ்டம்பு நட்டுடுவானுங்க. ராவுல புழுக்கம்னா பாயை விரிச்சிட வேண்டியதுதான். ஒரே மணலு. எவனும் எவன்கிட்டயும் அட்டை கேக்க மாட்டான். உங்க ரோட்டுல புல்லுக்கு ஒரு வேலி, பார்க்கிங்குக்கு ஒரு வேலி, நடக்கறதுக்கு நேரம் போட்ட போர்டு வேற!

நீ படிச்ச புள்ள. ஒண்ணு பண்ணு. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி ஒரு மனு போடு. உங்க ரோட்டுல தானமா எழுதின நிலம் எங்கெங்க, எத்தினி மீட்டரு, இப்ப யாரு கையில கீதுன்னு கேளு. பதிலு வந்ததும் நாலு பேரைக் கூட்டிக்கினு உள்ளாட்சி ஆபீசுக்குப் போயி, அந்த நிலத்துல வேப்பங்கன்னு நடச் சொல்லு, சுத்தித் திண்ணை கட்டச் சொல்லு. நெழலு விழ அஞ்சாறு வருசம் ஆவும். அது வரைக்கும் அந்த டீ வண்டியை எவனும் தொரத்தாம பாத்துக்க.